மறு: குரல் நின்றும் தம்பி ஏன் படுத்தே கிடக்கிறான்?

பாலக்கோடு நண்பருக்கு,

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கான மாத்திரையால், யாரும் பேசாமலே குரல் கேட்பது நின்றும் தம்பி குளிக்காமல் படுத்தே கிடக்கிறான், சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. மனச்சிதைவில் குரல், சந்தேகம் ஒரு பக்கம். எதிலும் ஆர்வம் எழாமல் போவது, கவனமும் ஞாபகமும் குறைவது இன்னொரு பக்கம். மாத்திரை முதல் பக்கத்தைத்தான் நன்றாக அடக்கும். அன்றாட வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தக்காளி மண்டிக்கு அனுப்பினால் பாதியில் திரும்பிவிடுகிறான் என்றீர்களே, 'பெட்டியை இறக்கு, எடை போடு, சீட்டு வாங்கு, பணம் வாங்கு' என்று ஒரே மூச்சில் சொன்னால் மூன்றாவது மனதில் நிற்காது. ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், அதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். முடித்து வந்த பிறகு அடுத்தது.

காலை பத்து மணி வரை தூங்குவது மாத்திரையின் மந்தமாகவும் இருக்கலாம். நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்! தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம், மாத்திரை போடும் நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். மனச்சோர்வு, சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அப்பா தினமும் திட்டுவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. ஓயாமல் குறை சொல்லும் வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நடுவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.