நாக்கில் கோளாறு இல்லை

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் மதுரைப் பக்கம், வேலை சென்னையில். 'ழ' சொன்னால் 'ள' தான் வருகிறது. அலுவலக விழாவில் வரவேற்புரை வாசித்தபோது 'விளா', 'வாள்த்துகள்' என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரே சிரிப்பு. நாக்கு தடிப்பு, டாக்டரிடம் காட்டு என்கிறார் பெரியப்பா. இனிமேல் திருத்த முடியுமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, 'பட்டம்', 'பள்ளம்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தெளிவாக வருகிறதா? அப்படியென்றால் டாக்டருக்கு வேலை இல்லை. மேலே மடியத் தெரிந்த நாக்குதான் 'ட'வையும் 'ள'வையும் சொல்லும். 'ழ'வுக்கும் அந்த மடிப்பே போதும். உங்களுக்கு இருப்பது ஊர்ப் பேச்சின் பழக்கம். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் 'ள' தான். பழைய சென்னைப் பேச்சிலோ வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும். சிரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படிப் பேசுகிறார்களோ!

சரி, பயிற்சிக்கு வருவோம். 'ள' சொல்லும்போது நாக்கு நுனி மேலண்ணத்தில் ஒட்டி நிற்கிறது, காற்று இரு பக்கமும் வழிந்து போகிறது. 'ழ'வில் இது தலைகீழ். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட்டிருக்க, காற்று நடுவழியே போகும். நுனி அண்ணத்தை நெருங்கும், ஒட்டாது. 'அண்ணம் நுனிநா வருட ரழ வரும்' என்கிறது நன்னூல். வருடல்தான், அழுத்தம் இல்லை.

ஆகவே உங்கள் 'ள'விலிருந்தே தொடங்கலாம். 'ஆள்ள்ள்' என்று இழுங்கள். குரலை நிறுத்தாமல் நாக்கு நுனியை மட்டும் அண்ணத்திலிருந்து இம்மியளவு கீழே விடுங்கள். ஒலி மாறுவது காதுக்கே தெரியும். செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். பேசும்போது கேட்காத வித்தியாசம் அதில் கேட்கும். பிறகு 'வாள் - வாழ்', 'கிளி - கிழி', 'உளவு - உழவு' என்று ஜோடி ஜோடியாகச் சொல்லலாம். எல்லோரும் 'தமிழ்' என்ற சொல்லைத்தான் முதலில் பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இகரத்துக்கு நாக்கு முன்னால் போகும், உடனே பின்னால் மடிப்பது புதிதாகப் பழகுபவருக்குச் சிரமம். 'வாழ்', 'கூழ்' போன்றவை சுலபம். தினமும் ஐந்து நிமிடம் போதும், விடாமல் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'ழ' வந்த குஷியில் பலர் எல்லா இடத்திலும் அதைப் போட்டுவிடுகிறார்கள். 'அவர்கழ்', 'வாழ்த்துகழ்' என்று மேடையில் கேட்கும்போது, பழைய 'ள'வே தேவலை என்று தோன்றும். தமிழில் 'ழ' இரட்டிக்காது. அதனால் பள்ளி, வெள்ளம், உள்ளம் எல்லாம் எப்போதும் 'ள' தான். பன்மை 'கள்' விகுதியும் அப்படியே.

வீட்டில் அம்மாவிடம் வழக்கம்போலவே பேசுங்கள். மேடைக்கு மட்டும் இது போதும். அடுத்த முறை உரையில் 'ழ' வரும் சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். விழா, அழைப்பு, வாழ்த்து, வழங்குதல், மகிழ்ச்சி என்று பெரும்பாலும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அவற்றை மட்டும் முந்தின வாரமே பழகுங்கள். 'மகிழ்ச்சி' படுத்தினால் 'சந்தோஷம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி' என்று யாராவது சொல்லச் சொன்னால் இப்போதைக்கு நழுவிவிடுங்கள். 'ழ' நன்றாக வருபவர்களுக்கே அது நாக்கைச் சுளுக்கும்.