பதில்: கிராஸுக்கு எழுதினால் என் பெயர் வெளியே வருமா?

லண்டன் கார் பார்க் வேலையில் ப்ரீகாஸ்ட் ஸ்லாப் (முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் தளப் பலகை) பீம் மேல் 75 மிமீ உட்கார வேண்டியது, 40 தான் இருக்கிறது. மேனேஜர் பேசாமல் இருக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

கிராஸ் என்பது பிரிட்டனில் கட்டடப் பாதுகாப்புக் கவலைகளை ரகசியமாக எழுதி அனுப்பும் அமைப்பு. அது அவசரத்துக்கான இடமில்லை. இன்றைக்கே வடிவமைப்புப் பொறியாளருக்கு அளவையும், டேப் தெரிகிற மாதிரி எடுத்த படத்தையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். அவரும் அசையாவிட்டால் எச்எஸ்இ, அதாவது பணியிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு, இருக்கிறது.

அப்புறம் கிராஸ். பெயரில்லாமல் எழுத முடியாது. ஆனால் உங்கள் பெயர், நிறுவனம், கட்டடம் எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் நிபுணர் குழுவின் கைக்கே அறிக்கை போகும், வெளியிடும்போதும் அப்படியேதான்.

‘எழுதி என்ன பயன்?’ நியாயமான கேள்வி. 2018 இல் கென்ட்டில் ஒரு தொடக்கப்பள்ளியின் ராக் (RAAC, எடை குறைந்த நுண்துளைக் கான்கிரீட்) பலகைக் கூரை விழுந்தது. வார இறுதி, யாருக்கும் அடியில்லை. 2019 மே மாதமே, கிராஸோடு சேர்ந்து இயங்கிய ஸ்காஸ் என்ற கட்டமைப்புப் பாதுகாப்புக் குழு இந்தப் பலகைகள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அந்த எச்சரிக்கையிலும் பலகை போதிய அகலம் உட்காராததுதான் முக்கியக் கவலைகளில் ஒன்று. அரசு 100க்கு மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடச் சொன்னது 2023 இல்! மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் எழுதுங்கள், முதல் மின்னஞ்சல் போன பிறகு.