லேகிய டப்பாவின் மூடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வயது 48. எட்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு வருடமாக ஆண்மைக்குறைவு. மருந்துக்கடை நண்பர் நீல மாத்திரை (வயாக்ரா) தருகிறேன் என்கிறார். போடலாமா? இளமையில் செய்த தவறுதான் காரணமா? மனைவி எதுவுமே கேட்பதில்லை. அதுதான் வலிக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

இளமைத் தவறெல்லாம் லாட்ஜ் வைத்தியர்கள் கட்டிவிட்ட கதை. அதை விடுங்கள்.

எனக்கு ஆத்திரம் 'ஆண்மைக்குறைவு' என்ற அந்தச் சொல்லின் மேல்தான். என் சித்தப்பாவைக் கொன்றதில் அதற்குப் பங்குண்டு. அவர் போன பிறகு பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஏழு லேகிய டப்பாக்கள் இருந்தன. வாங்கிய தேதியை மூடியில் பேனாவால் எழுதியிருந்தார். முதல் தேதிக்கும் மாரடைப்புக்கும் நடுவே மூன்று வருடம். 'குறைவு' என்று பெயர் வைத்தால் மனிதன் வெட்கப்பட்டு ஒளியத்தான் செய்வான். ரத்தக்குழாய் அடைப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் நேரே இதய மருத்துவரிடம் போயிருப்பார்.

உண்மையில் அது குழாய் விவகாரம்தானய்யா! ஆணுறுப்புத் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனி 3 முதல் 4. கொழுப்பு இரண்டிலும்தான் படிகிறது, சின்னது முந்திக்கொள்கிறது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதன் உட்சுவரில் சுரப்பது. சர்க்கரையும் புகையும் முதலில் அரிப்பது அந்தச் சுவரை. பலருக்கு நெஞ்சுவலிக்கு 2 முதல் 5 வருடம் முன்பே இங்கே தெரிந்துவிடுகிறது. மனஅழுத்தத்தாலும் வரலாம், சில மாத்திரைகளாலும் வரலாம். ஆனால் எட்டு வருடச் சர்க்கரையை வைத்துக்கொண்டு நீங்களாக அப்படி முடிவுகட்டக் கூடாது.

1998இல் அமெரிக்கா அனுமதித்த அந்த நீல மாத்திரையே முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டதுதான். நல்ல மருந்து. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைக்கார நண்பருக்கு உங்கள் இதயத்தைப் பற்றி என்ன தெரியும்? முதலில் ஈசிஜி, கொழுப்பு, பிரஷர், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. மாத்திரையை மருத்துவர் எழுதட்டும்.

அந்த மூடிகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் சித்தி சொன்னாள்: "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்."

இன்று ராத்திரியே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.