ஆடு பழக்குதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சந்தையில் வாங்கிய ஆறு மாதப் பெட்டைக்குட்டி. ஒரு வாரமாகியும் பக்கத்தில் போனாலே கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. எப்படிப் பழக்குவது?

முதலில், அதைப் பிடிக்கப் போவதை நிறுத்துங்கள். காலைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்திலிருந்து பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த குட்டி அது. மனிதக் கை வந்தாலே பிடிக்கத்தான் வருகிறது என்று பயப்படும்.

கொட்டிலுக்குள் ஒரு முக்காலி போட்டு, அதற்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். காலையும் மாலையும் கால் மணி நேரம் போதும். மடியில் ஒரு கொத்து அகத்தித் தழை இருக்கட்டும், நீட்ட வேண்டாம். ஆட்டின் கண்பாவை கிடைமட்டமாக நீண்டிருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்தாலும் அது உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் தழையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஓடட்டும். பக்கத்திலேயே நின்று தின்னத் தொடங்கியதும் கழுத்தடியையும் நெஞ்சையும் சொறிந்துவிடுங்கள். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனால் பதறும். நீங்கள் இருக்கும்போதே படுத்து நிதானமாக அசை போட்டால் பயம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். இடையில் ஒரு நாள் துரத்திப் பிடித்தாலும் பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் ஊசி, குடற்புழு மருந்து நாட்களில் முடிந்தால் வேறு ஒருவர் பிடிக்கட்டும்.

ஒரே ஒரு ஆடுதான் வளர்க்கிறோம். ஓயாமல் கத்துகிறது.

துணை இல்லாத கத்தல் அது. ஒற்றை ஆடு வளர்ப்பதை நான் ஏற்பதே இல்லை. உங்கள் அன்பு எவ்வளவு இருந்தாலும் இன்னொரு ஆட்டுக்கு ஈடாகாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓரிரு நாள் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டே கத்தினால், அது பருவத்துக்கு வந்த அறிகுறி.

புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடாக்குட்டி பிள்ளைகளை முட்டுகிறது. விளையாட்டுதானே?

இப்போது விளையாட்டுதான். கொம்பு வளர்ந்து உடம்பில் பலம் ஏறிய பிறகு எலும்பு முறியும். பிள்ளைகள் அதன் நெற்றியில் கை வைத்துத் தள்ளுகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். நெற்றியைத் தள்ளினால் ஆட்டுக்கு அது சண்டைக்கு அழைப்பு. இன்றோடு அதை நிறுத்தச் சொல்லுங்கள். முட்ட வந்தால் அடிக்காமல், திருப்பித் தள்ளாமல், கதவைச் சாத்திவிட்டு வெளியே வாருங்கள்.

தனியாகப் புட்டிப்பாலில் வளரும் கிடா மனிதரையும் தன் இனமாகவே நினைத்துக்கொள்கிறது. வளர்ந்ததும் பலம் பார்க்க நம்மிடம்தான் வரும். மற்றக் குட்டிகளோடு விட்டு வளர்ப்பதுதான் சரி. இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றால், கால்நடை மருத்துவரிடம் காயடித்துவிடுங்கள்.

பெயர் சொன்னால் வருமா?

வரும். தீவனம் வைக்கும்போதெல்லாம் ஒரே பெயரை ஒரே குரலில் சொல்லுங்கள். ஆடு நம் முகத்தை நன்றாகக் கவனிக்கும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், திறக்க முடியாத பெட்டிக்குள் தின்பண்டம் இருந்தபோது ஆடுகள் எதிரே இருந்த மனிதரை நிமிர்ந்து பார்த்தன. அவர் முதுகைக் காட்டி நின்றபோது அப்படிப் பார்ப்பது குறைந்தது.

செல்லத்துக்குச் சோறு, பிஸ்கட் கொடுக்கலாமா?

வேண்டாம். சோறும் அரிசிக் கஞ்சியும் அதிகமானால் வயிற்றில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். முருங்கைத் தழை, பலா இலை கொடுங்கள். தெரியாமல் நிறையத் தின்றுவிட்டு இடப்பக்க வயிறு உப்பி, அசை போடாமல் நின்றால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.