பகலில் தெரியாத டிஸ்ப்ளே: வெளிச்சம் எங்கே தொலைகிறது?

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போர்டில் நான்கு இலக்கச் சிவப்பு எல்.இ.டி. டிஸ்ப்ளேயை இணைத்துக் கடிகாரம் செய்திருக்கிறேன். டிஸ்ப்ளே 5461ஏஎஸ், காமன் கேதோடு வகை, அதாவது ஓர் இலக்கத்தின் எல்.இ.டி.கள் எல்லாவற்றின் நெகட்டிவ் முனைகளும் ஒரே காமன் காலில் சேரும். செக்மென்ட் (எண்ணின் ஒவ்வொரு கோடும் புள்ளியும்) கால்கள் எட்டும் நேராக ஜிபிஐஓ கால்களுக்கு, அதாவது நிரல் இயக்கும் சிக்னல் கால்களுக்கு, போகின்றன. இலக்கத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு காமன் கால்களிலும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அவற்றையும் ஜிபிஐஓவில் கொடுத்திருக்கிறேன். நிரல் பைத்தானில். அறை விளக்கை அணைத்தால் எண்கள் தெரிகின்றன. பகலில் கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1 ஓரளவு தெரிகிறது, 8 மிகவும் மங்கல். ரெசிஸ்டரை எடுத்துவிடலாமா? அல்லது 5 வோல்ட் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ரெசிஸ்டரை எடுத்தால் போர்டின் கால் போய்விடலாம். ஜிபிஐஓ காலில் 5 வோல்ட் பட்டால் போர்டே போய்விடலாம். 1 தெரிகிறது, 8 மங்கல் என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஜிபிஐஓ தருவது 3.3 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1.3 வோல்ட். அதை 1 கிலோ ஓமால் வகுத்தால் 1.3 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டர் காமன் காலில் இருப்பதால் ஓர் இலக்கம் முழுவதற்கும் இவ்வளவுதான் கரன்ட். 1 என்ற எண்ணுக்கு இரண்டு செக்மென்ட் எரிந்தால் போதும், ஆளுக்கு 0.65 வந்துவிடும். 8 என்றால் ஏழு செக்மென்ட்டுகள் அதே 1.3-ஐப் பங்குபோட வேண்டும், ஆளுக்கு 0.19கூட வராது. அதோடு முடியவில்லை. நான்கு இலக்கங்களும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. நிரல் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எரிய விடுகிறது. ஆகவே ஒவ்வொரு இலக்கத்துக்கும் கிடைப்பது கால்வாசி நேரம்தான். சராசரி பார்த்தால் 8-இன் ஒரு செக்மென்ட்டுக்கு 0.05 மில்லி ஆம்பியர்கூட இல்லை. பகல் வெளிச்சத்தில் அது எங்கே தெரியும்?

மங்கலான டிஸ்ப்ளே எதுவாக இருந்தாலும் இரண்டு விஷயம்தான் தேட வேண்டும்: செக்மென்ட்டில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது. எங்கே குறைகிறது என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் ரெசிஸ்டரை மாற்றிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டத்தில் எரியக் கூடாதது எரிந்துவிடும்.

முதலில் டிஸ்ப்ளே நல்லதா என்று தனியாகப் பார்த்துவிடுங்கள். போர்டை அணைத்து, டிஸ்ப்ளேயைக் கழற்றுங்கள். தசமப் புள்ளிகள் கீழ்ப்பக்கம் இருக்குமாறு முகத்தைப் பார்த்துப் பிடித்தால், கீழ் இடது மூலையில் இருப்பது 1-ஆம் கால். அங்கிருந்து வலப்பக்கம் போய், சுற்றி மேலே வந்தால் மேல் இடது மூலையில் 12-ஆம் கால். 12 முதல் இலக்கத்தின் காமன், 11 மேல்கோடான ஏ செக்மென்ட். போர்டின் 1-ஆம் காலிலிருந்து 3.3 வோல்ட்டை 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக 11-க்குக் கொடுங்கள். 12-ஐப் போர்டின் 6-ஆம் காலான கிரவுண்டில் சேருங்கள். போர்டின் 2-ஆம் கால் 5 வோல்ட், 1-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வயரை மாற்றிக் குத்திவிடாதீர்கள். ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியரில் அந்த ஒரு கோடு பளிச்சென்று எரிய வேண்டும்.

எரியும்போதே மல்டிமீட்டரை ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வையுங்கள். 1.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சரி. வோல்டேஜ் சரியாக இருந்தும் கோடு மங்கலாக எரிந்தால் ரெசிஸ்டரைக் கழற்றி ஓம் அளவில் அளந்து பாருங்கள். ஐந்து பட்டை போட்ட நீல ரெசிஸ்டர்களில் இந்தக் குழப்பம் நிறைய வருகிறது. சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு என்றால் 220 ஓம். நான்காவது பட்டை பழுப்பானால் 2.2 கிலோ ஓம், சிவப்பானால் 22 கிலோ ஓம். நீல உடம்பின் மேல் பழுப்பையும் சிவப்பையும் கண்ணால் பிரிப்பது கடினம். பட்டையை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

டிஸ்ப்ளே நல்லதென்று தெரிந்தபின் சுற்றை மாற்றலாம். காமன் கால்களில் இருக்கும் நான்கு ரெசிஸ்டர்களையும் எடுத்துவிட்டு, எட்டு செக்மென்ட் கால்களுக்கும் ஆளுக்கொரு 220 ஓம் போடுங்கள். இனி ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் அதனதன் கரன்ட், ஏறத்தாழ ஐந்தரை மில்லி ஆம்பியர். 8-க்கும் 1-க்கும் வித்தியாசம் மறைந்துவிடும். 8-இன் ஒவ்வொரு கோட்டிலும் இப்போது ஓடுவதைப்போல் சுமார் 30 மடங்கு ஓடும்.

ஆனால் அந்தக் கரன்ட் எல்லாம் காமன் கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். புள்ளியும் சேர்ந்து எட்டும் எரிந்தால் 44 மில்லி ஆம்பியர். ராஸ்பெரி பையின் ஒரு ஜிபிஐஓ காலுக்கு 16-க்கு மேல் சுமை ஏற்றக் கூடாது. ஆகவே இலக்கத்துக்கு ஒன்றாக நான்கு என்.பி.என். டிரான்சிஸ்டர் தேவை, பி.சி. 547 போதும். எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் டிஸ்ப்ளேயின் காமன் காலுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாக ஜிபிஐஓவுக்கு. பையின் ஜிபிஐஓ கால்கள் எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. இந்த அளவில் நீங்கள் அதற்குள்தான் இருப்பீர்கள்.

டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினால் அது அடியோடு வேலை செய்யாமல் போகாது. அரைகுறையாக வேலை செய்யும், டிஸ்ப்ளே மறுபடி மங்கும். அதனாலேயே இந்தத் தவறு எளிதில் பிடிபடுவதில்லை. பி.சி. 547-இன் தட்டைப் பக்கத்தைப் பார்த்துப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.என். 2222-இல் வரிசை நேர் எதிர். பெயரில் ஓர் எழுத்து மாறினாலே கால் வரிசை மாறும் என்பதால், கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் அதன் டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டே செருகுங்கள். யு.எல்.என். 2003 சிப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 3.3 வோல்ட்டில் வேண்டாம். அதுவே 0.9 வோல்ட் அளவுக்குத் தின்றுவிடும். கையில் இருக்கும் 1.3-இல் அது போனால் என்ன மிஞ்சும்?

நிரலிலும் ஒரு மாற்றம் உண்டு. இதுவரை காமன் காலை லோ, அதாவது 0 வோல்ட், ஆக்கி இலக்கத்தை எரிய வைத்தீர்கள். இனி டிரான்சிஸ்டரின் பேஸ் ஹை ஆனால்தான் எரியும். இதை மறந்தால், எரிய வேண்டிய ஒன்று அணைந்து மற்ற மூன்றும் ஒன்றாக எரியும்; எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியும்.

அடுத்து நேரம். ஓர் இலக்கத்தை 4 மில்லி செகண்ட் எரிய விட்டால் நான்கும் ஒரு சுற்று முடிய 16 மில்லி செகண்ட்; விநாடிக்கு 60 சுற்றுக்கு மேல் வரும், கண்ணுக்கு மினுக்கல் பெரிதாகத் தெரியாது. இலக்கத்தை அணைத்த பிறகு அடுத்ததை எரியவிடும் முன் நிரலில் எங்காவது ஸ்லீப் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் செலவாகும் அந்த நேரம் முழுவதும் வெளிச்சத்துக்கு நஷ்டம். பின்னாளில் டி.எஸ். 18பி20 போன்ற வெப்பநிலை சென்சாரைச் சேர்க்க நினைத்தால், அதைப் படிக்கும் வேலையைத் தனி த்ரெட்டில் (கூடவே தனியாக ஓடும் நிரல் பகுதியில்) வையுங்கள். அதன் 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி செகண்ட் வரை பிடிக்கும்; ஒரே லூப்பில் வைத்தால் அத்தனை நேரம் ஓர் இலக்கம் மட்டும் எரிந்து நிற்கும், அல்லது எல்லாம் அணைந்திருக்கும்.

இவ்வளவும் செய்தபின் வீட்டுக்குள் பகலில் தெளிவாகத் தெரிய வேண்டும். டிஸ்ப்ளேக்கு முன்னால் சிவப்பு அக்ரிலிக் தகடு ஒன்று வைத்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். வெளி வெளிச்சத்தைத் தகடு வடிகட்டிவிடும், சிவப்பை விட்டுவிடும்.

ஜன்னல் ஓரத்து வெயிலுக்கு இதுவும் போதாதென்றால், டி.எம். 1637 சிப் வைத்த நான்கு இலக்க மாட்யூலை வாங்கிவிடுங்கள். மாற்றி மாற்றி எரிய வைக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், பையிலிருந்து இரண்டு சிக்னல் வயர் போதும். அதில் எட்டு நிலை வெளிச்சம் உண்டு. சில லைப்ரரிகள் குறைந்த நிலையில் தொடங்கும் என்பதால், மங்கலாக இருந்தால் முதலில் நிரலில் அந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள். மாட்யூலுக்கு மின்சாரம் பையின் 3.3 வோல்ட்டிலிருந்தே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் புல்-அப் ரெசிஸ்டர்கள் (சிக்னல் வயர்களை மின்சார வயரோடு இணைப்பவை) வழியாக அந்த 5 வோல்ட் சிக்னல் வயர்களில் ஏறி ஜிபிஐஓவுக்கே வந்து சேரும்.