மேடையில் பணம் கொடுக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமு பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவ்வளவு பெரிய வீரரின் பிள்ளைகளுக்கு நிதி சேர்க்க வேண்டி வந்ததை நம்பவே முடியவில்லை. எங்களோடு ரக்பி விளையாடிய நண்பர் அண்மையில் காலமானார். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்டியில் ஞாபகார்த்தப் போட்டி வைத்து, மேடையில் அவர்களுக்குப் பணம் கொடுக்க யோசிக்கிறோம். என்ன சொல்கிறீர்கள்?

வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

போட்டியைக் கட்டாயம் நடத்துங்கள். மேடையில் பணம் மட்டும் வேண்டாம். அப்பா எப்படி விளையாடினார் என்று நாலு பேர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கட்டும். மைக்கில் தொகையை வாசிப்பதைக் கேட்க வேண்டாம். மறுநாள் அவர்கள் வகுப்புக்குப் போக வேண்டுமே. நம் தோட்டங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மரணாதார சங்கத்துப் பணம் சத்தமில்லாமல் போய்ச் சேரும். சந்தா கட்டியவர் வீட்டுக்கு வரும் பணம் அது. வாங்குகிறவர் தலைகுனிய வேண்டியதில்லை.

லோமு 1995 உலகக் கிண்ண அரையிறுதியில், கேப் டவுனில், இங்கிலாந்துக்கு எதிராக நாலு ட்ரை வைத்தார் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை). முதலாவதில் இங்கிலாந்து வீரர் மைக் கேட் குறுக்கே வந்தார். லோமு விலகவில்லை, அவர் மேலேயே ஏறிப் போனார். அப்போது வயது 20. காசு வாங்கி ரக்பி விளையாடலாம் என்ற அனுமதியே அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த வருட முடிவில் சிறுநீரக நோய் என்று தெரிந்தது. 2004இல் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள், 2011இல் அதுவும் கைவிட்டது, அப்புறம் டயலிசிஸ். 2015 நவம்பர் 18ஆம் திகதி, 40 வயதில் போய்விட்டார். இரண்டு மகன்மாருக்காக நியூசிலாந்து வீரர் சங்கம் ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தது. சங்கம் என்று ஒன்று இருந்ததால் அதுவாவது நடந்தது. நித்தவலை, ரதல்லை மைதானங்களில் மழையில் தோளோடு தோள் முட்டி ஸ்க்ரம் தள்ளிய, பத்திரிகையில் பேர் வராத நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

அதனால் போட்டிக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நண்பர் எங்காவது வேலை பார்த்திருந்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) பணம் இருக்கும். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் ஈடிஎஃப்பில் மரண உதவியும் உண்டு. பணம் சேர வேண்டிய பின்னுரித்தாளராக நண்பர் யார் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். மரணச் சான்றிதழையும் மற்றக் கடதாசிகளையும் ஒரு ஃபைலில் போட்டு, உங்களில் ஒருவர் அந்த அக்காவோடு தொழில் திணைக்களத்துக்கும் ஈடிஎஃப் சபைக்கும் போய் வரிசையில் நில்லுங்கள். விண்ணப்பத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திரும்பத் திரும்ப அலைய வேண்டிவரும். துக்கத்தில் இருக்கிறவரைத் தனியே அனுப்பக் கூடாது.

போட்டியில் சேரும் பணத்தை அந்த அக்காவின் கணக்கிலேயே போடுங்கள். பிள்ளைகள் பேரில் சிறுவர் கணக்கில் போட்டால் 18 வயது வரை எடுப்பது கஷ்டம், செலவோ இப்போதுதான். அன்றைக்கு வரும் பழைய வீரர்களிடம் மாதச் சந்தா பற்றியும் பேசுங்கள். நூறு ரூபாய் என்றாலும் போதும், தொடங்கட்டும். திகதி முடிவானதும் எழுதுங்கள். என் சந்தாவோடு வருகிறேன்.