பழைய காருக்கு பிரேக் காலிபர்: கேள்வி-பதில்

கேள்வி: அப்பா வைத்திருந்த டபிள்யூ 123 பென்ஸ் காரில், காரையாறு மலைச்சாலையில் இறங்கி பாபநாசம் வந்து சேர்வதற்குள் முன்சக்கரம் ஒன்று கை வைக்க முடியாதபடி சூடாகிறது. பிரேக் பேடுகளை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் காலிபர்கள் நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த வயதுக் காரில், காலிபருக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்துக்கொள்வது வழக்கம். பெடலை மிதிக்கும் வேகத்தில் ஆயில் காலிபருக்குப் போய்விடும், காலை எடுத்த பின் திரும்பி வராது. காரை ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் இறுகியிருக்கும்போதே, காலிபரிலிருந்து காற்றை வெளியேற்றும் ஏர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹோஸைத்தான். அப்படியும் இறுகியே நின்றால், காலிபருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம். அப்போதும் பிஸ்டனில் குழி விழாமலும், அது ஓடும் துளை சுத்தமாகவும் இருந்தால், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து ரப்பர் கிட் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர்கள்) மாற்றினாலே போதும். பின் காலிபர்களை எதற்காக மாற்ற வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: புதுக் காலிபர் மாட்டியதிலிருந்து எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. நிப்பிள் தரையைப் பார்த்து இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (வள்ளியூர்)

பதில்: இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே தங்கும். கீழே இருக்கும் நிப்பிள் வழியாக அது வெளியே வராது. இடம் மாற்றி மாட்டுங்கள், செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். கடைக்காரர் மீது குற்றமில்லை.

கேள்வி: சென்னைக் கடை ஒன்றில் போனில் பேசி, வங்கி வழியாக 18,000 ரூபாய் அனுப்பி, 'ஒரிஜினல், புதியது' என்ற உறுதியின் பேரில் இரண்டு காலிபர்கள் வாங்கினேன். ஒன்றில் ஆயில் கசிகிறது. பெயிண்டைச் சுரண்டினால் உள்ளே பழைய துரு. பில் தரவில்லை, கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. (களக்காடு)

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், அந்தச் சீட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உதிரிபாக வியாபாரத்தைப் பிடித்த நோயாகவே இந்த எஸ்டிமேட் சீட்டை நான் பார்க்கிறேன். பொருளின் எண் இருக்காது, வரி எண் இருக்காது, பல சீட்டுகளில் கடையின் பெயரே இருக்காது. மனித உயிரைத் தாங்கும் ஒரு பாகத்தை விற்றுவிட்டு, விற்றதற்குத் தடயமே இல்லாமல் செய்வதற்கென்றே அது அச்சிடப்படுகிறது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டி என்று நம்பி நான் வாங்கிய ரப்பர் கிட் பிரேக் ஆயில் பட்டதும் ஊதிப் பிஸ்டனைக் கவ்விக்கொண்டது. கேட்கப் போனபோது, எனக்குத் தந்த எஸ்டிமேட் சீட்டே தம்முடையது அல்ல என்று கடைக்காரர் சாதித்தார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. உங்கள் வங்கிப் பரிமாற்றமும் போனில் வந்த செய்திகளும் சாட்சியாகும். காலிபரைப் பிரிக்காதீர்கள், கசிவையும் துருவையும் படமெடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்கி, கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். பலனில்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வாங்கியவர் குடியிருக்கும் இடத்தில் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய காலிபரை அப்படியே மாட்டி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பிஸ்டன் நகரவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (பாளையங்கோட்டை)

பதில்: கிடைக்காது. இரும்பு விலைக்கு இரும்பு வாங்கினீர்கள். பிரித்துப் பார்க்காமல் அதைக் காரில் மாட்டி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகத் துணிந்ததுதான் என்னைக் கோபப்படுத்துகிறது.

கேள்வி: பிரேக் ஆயில் குறைந்தால் அவசரத்துக்கு என்ஜின் ஆயில் ஊற்றலாமா? (உவரி)

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது, காலிபர், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். உங்கள் கார் கேட்பது டாட் 4 வகை பிரேக் ஆயில் என்றால் அதையே மூடி பிரிக்காத டப்பாவாக வாங்குங்கள். திறந்து வைத்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிலிக்கோனால் ஆன டாட் 5 வேறு வகை, அதைக் கலக்காதீர்கள். ஆயில் ஏன் குறைந்தது என்பதையும் இன்றே பாருங்கள்.